தாத்தா நிலத்துல ஹெம்ப் போடலாமா பாஸ்? சட்டம் முதல் சந்தை வரை முழு விவரம்!

கோட்டக்குப்பத்தில் ஈ.சி.ஆர் ஓரமாக ஒரு டீக்கடை. எதிரில் உட்கார்ந்திருந்த நண்பர் மொபைலை நீட்டினார். ரீல்ஸில் ஒருவர் பச்சைப் பசேல் என்ற வயல் நடுவே நின்றுகொண்டு, "ஒரு ஏக்கர்ல ஹெம்ப், லட்சக்கணக்குல வருமானம், அதுவும் ஃபுல் ஆர்கானிக்" என்று பேசிக்கொண்டிருந்தார். நண்பருக்கு வானூர் பக்கம் தாத்தா விட்டுப்போன ஒரு ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. பாதி மரம் பட்டுப்போய்விட்டது. ஐ.டி வேலையை விட்டு ஆறு மாசம் ஆகிறது. "விதை ஆன்லைன்ல கிடைக்குது ப்ரோ. கார்ட்ல போட்டு வெச்சிருக்கேன். ஆர்டர் பண்ணட்டுமா?"

"இருங்க, பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த சில நாள்கள் சட்டப் புத்தகமும் வேளாண் தகவல்களுமாக உட்கார்ந்து தேடினேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு ரீல்ஸ் வந்திருந்தால், கார்ட்டைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படிச்சிடுங்க.

ஹெம்ப் வேற, கஞ்சா வேறயா?

செடி ஒன்றுதான். இரண்டுமே கன்னாபிஸ் இனம். போதை தருவது டி.எச்.சி என்ற வேதிப்பொருள். அது மிகக் குறைவாக இருக்கும் ரகங்களை நார், விதை, எண்ணெய்க்காக வளர்த்தால் அதற்கு 'ஹெம்ப்' என்று பெயர். உலகில் பல நாடுகள் 0.3 சதவிகிதம் டி.எச்.சி என்பதை எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. போதைக்காக வளர்க்கும் ரகங்களின் பூக்களில் இது 15, 20 சதவிகிதம்கூட இருக்கும்.

ரீல்ஸ்காரர்கள் சொல்லாமல் விடும் விஷயம் இனிமேல்தான் வருகிறது. இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (1985) 'கன்னாபிஸ் செடி' என்பதற்குக் கொடுக்கும் விளக்கம், 'கன்னாபிஸ் இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும்' என்பதுதான். அந்த விளக்கத்தில் டி.எச்.சி அளவு பற்றி ஒரு வார்த்தை இல்லை. 0.3 சதவிகிதக் கணக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கியவர்களுக்கான நிபந்தனை. கையில் லைசென்ஸ் இல்லை என்றால், சட்டத்தின் கண்ணில் உங்கள் 'ஹெம்ப்' செடியும் கஞ்சா செடியும் ஒன்றே.

சட்டம் என்ன சொல்லுது?

கொஞ்சம் பொறுமையா படிங்க, முக்கியமான பகுதி இது.

பிரிவு 8: கன்னாபிஸ் செடி வளர்ப்பதற்குத் தடை. மருத்துவம், அறிவியல் தேவைகளுக்கு அரசு அனுமதித்தால் மட்டும் விலக்கு.

பிரிவு 10: வளர்ப்புக்கு அனுமதி கொடுக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

பிரிவு 14: நார், விதை போன்ற தொழில் தேவைக்காகவோ தோட்டக்கலைக்காகவோ வளர்க்க அரசு தனி உத்தரவு மூலம் அனுமதிக்கலாம். இந்தியாவில் ஹெம்ப் தொழில் மொத்தமும் நுழைவது இந்தச் சின்னக் கதவு வழியாகத்தான்.

பிரிவு 20: அனுமதி இல்லாமல் வளர்த்தால் 10 ஆண்டுகள் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வளர்ப்புக் குற்றத்துக்கு 'இத்தனை செடிக்கு மேல்' என்ற கணக்கே கிடையாது. மொட்டை மாடியில் ஒரே ஒரு தொட்டி என்றாலும் அது வளர்ப்புதான்.

அறுவடை செய்து கையில் வைத்திருந்தால் எடைக் கணக்கு வரும். கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவு என்றால் சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதிலிருந்து 20 கிலோ வரை என்றால் 10 ஆண்டுகள் வரை. 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. குறைந்தது 10, அதிகபட்சம் 20 ஆண்டுகள். வணிக அளவு வழக்கில் ஜாமீன் கிடைப்பது மிக மிகக் கஷ்டம்.

இந்தச் சட்டத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் நிலத்தில் யாராவது சட்டவிரோதமாகக் கன்னாபிஸ் வளர்ப்பது தெரிந்தால், உடனே போலீஸுக்கோ உரிய அதிகாரிக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்கிறது பிரிவு 46. தெரிந்தே சொல்லாமல் இருந்தால் நிலத்துக்காரருக்கும் தண்டனை உண்டு. அதாவது, பேரன் விதைக்கிறான் என்று தெரிந்தும் சும்மா இருந்தால், பட்டா யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பாட்டியும் வழக்குக்குள் வரலாம்.

"அஞ்சு நிமிஷத்துல பாண்டிச்சேரி எல்லை இருக்கே?" என்று நண்பர் கேட்டார். எல்லை தாண்டினால் சரக்கு விலை மாறும், பெட்ரோல் விலை மாறும். இந்தச் சட்டம் மாறாது. இது மத்தியச் சட்டம், நாடு முழுக்க ஒன்றுதான்.

சாந்தவாசல் கதை தெரியுமா?

"ஒரு காலத்துல நம்ம ஊர்லயே வளர்த்தாங்களே" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பொய் இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் சென்னை மாகாணத்தில் கஞ்சா சட்டபூர்வமான பயிர். அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் மலைவாழ் மக்கள் அதை வளர்த்தார்கள். மலையடிவாரத்தில், போளூர் பக்கம் இருக்கும் சாந்தவாசலில் அதற்கென்று சேமிப்புக் கிடங்கு இருந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து திண்டிவனம், திருவண்ணாமலை வழியாகப் போனால் இன்று சில மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர்தான்.

1893-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு 'இந்திய ஹெம்ப் மருந்துகள் கமிஷன்' என்ற ஒன்றை அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894-ல் அறிக்கை கொடுத்தார்கள். முழுத் தடை தேவையில்லை, வரியும் லைசென்ஸும் போதும் என்பது அதன் சாரம்.

இந்தக் கதையைச் சொல்லி, "பார்த்தீங்களா, வெள்ளைக்காரனே அனுமதிச்சான்" என்பவர்கள் உண்டு. ஆனால், அந்தக் காலத்திலும் விவசாயி இஷ்டத்துக்கு விதைத்து இஷ்டத்துக்கு விற்க முடிந்ததா? லைசென்ஸ், கிடங்கு, வரி என்று ஒவ்வொரு படியிலும் அரசாங்கத்தின் பூட்டு தொங்கியது. இந்தச் செடியில் பிசினஸ் என்பது அன்றும் பேப்பரில்தான் தொடங்கியது.

1961-ல் ஐ.நா-வின் போதைப்பொருள் உடன்படிக்கை வந்தது. நார், விதைக்காக வளர்ப்பதற்கு அதிலேயே விலக்கு கொடுத்தார்கள். 1985-ல் இந்தியா தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில், மிக ஆபத்தான போதைப்பொருள்களின் பட்டியலிலிருந்து கன்னாபிஸை நீக்க ஐ.நா ஆணையத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது, இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆனால், உள்நாட்டுச் சட்டம் அதனால் மாறிவிடவில்லை. இந்தக் குழப்பத்தில்தான் பல யூடியூப் வீடியோக்கள் ஓடுகின்றன.

அப்போ இந்தியாவுல யார் வளர்க்கிறாங்க?

உத்தரகாண்ட்தான் முன்னோடி. 2018-ல் இந்தியத் தொழில்துறை ஹெம்ப் சங்கத்துக்கு 1,000 ஹெக்டேரில் சோதனை முறையில் வளர்க்க லைசென்ஸ் கொடுத்தது அந்த மாநிலம். நிபந்தனை, டி.எச்.சி 0.3 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பயிரை அழிக்க வேண்டும்.

இமாச்சலப் பிரதேசம் 2025 ஜனவரியில், இரண்டு வேளாண், தோட்டக்கலைப் பல்கலைக்கழகங்கள் மூலம் கட்டுப்பாட்டுடன் வளர்த்துப் பார்க்கும் சோதனைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஜம்முவில் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர் ஆய்வு நிறுவனம், மருத்துவ ஆராய்ச்சிக்காக வேலியும் காவலும் போட்டு வளர்க்கிறது. பக்கத்து இலங்கையிலும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு ஏற்றுமதிக்காக மட்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் தனி விவசாயிக்கு இப்படி லைசென்ஸ் கொடுக்கும் திட்டம் கிடையாது. இங்கே நடப்பது நேர் எதிர். 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் 2021 கடைசியிலிருந்து போலீஸ் தொடர் நடவடிக்கை எடுத்தது. வியாபாரிகளைக் கைது செய்வதோடு வங்கிக் கணக்குகளையும் முடக்கினார்கள். இந்தச் சூழலில், "சார், இது ஹெம்ப் சார்" என்ற விளக்கம் ஸ்டேஷனில் எடுபடும் என்று நினைக்கிறீர்களா?

ஆர்கானிக்கா வளர்த்தா என்ன கஷ்டம்?

சட்டத்தை ஒரு நிமிஷம் ஓரமா வெச்சிட்டு, விவசாயமா மட்டும் பார்ப்போம். லைசென்ஸ் உள்ள ஊர்களிலேயே திறந்தவெளி ஹெம்ப் சுலபமான பயிர் இல்லை.

முதல் சிக்கல், பகல் நேரம். இந்தச் செடி இரவு நீளும்போது பூக்கும் ரகம். டேராடூனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் கிட்டத்தட்ட 4 மணி நேர வித்தியாசம் இருக்கும். புதுச்சேரிப் பக்கம் அது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். வடக்கிலும் ஐரோப்பாவிலும் உருவான நார் ரகங்களை இங்கே போட்டால், வளர வேண்டிய உயரம் வருவதற்கு முன்பே பூத்துவிடும். தண்டு குட்டையானால் நார் ஏது?

இரண்டாவது, மகரந்தம். காற்று வழியாகப் பரவும். இமயமலைப் பகுதியில் காட்டுக் கன்னாபிஸ் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. அதனோடு கலந்தால் அடுத்த தலைமுறை விதையில் டி.எச்.சி ஏறும். கோட்டைத் தாண்டினால் மொத்த வயலும் போச்சு.

மூன்றாவது, மண். நிலத்தில் இருக்கும் காட்மியம் போன்ற கன உலோகங்களை இந்தச் செடி உறிஞ்சிக்கொள்ளும். மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யவே இதைப் பரிசோதித்திருக்கிறார்கள். ரசாயன உரம் போடவில்லை என்பதாலேயே அப்படிப்பட்ட மண்ணில் விளைந்தது சுத்தமாகிவிடாது.

நான்காவது, சான்றிதழ். ஆண்டுப் பயிர்களுக்கு அங்ககச் சான்று வாங்க, நிலம் 2 ஆண்டு மாறுதல் காலத்தைக் கடக்க வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். சட்டவிரோதப் பயிருக்கு யார் வந்து முத்திரை குத்துவார்கள்? அமெரிக்காவையே எடுத்துக்கோங்க. சில மாநிலங்களில் கஞ்சா விற்பது சட்டபூர்வம். ஆனாலும், அங்குள்ள மத்திய அரசின் ஆர்கானிக் முத்திரை அதற்குக் கிடைக்காது. ஹெம்ப்புக்கு மட்டும் கிடைக்கும். கலிபோர்னியா இதற்காகவே 'ஓகால்' என்று தனியாக ஒரு சான்றிதழை உருவாக்க வேண்டியிருந்தது.

சரி, காசு வருமா?

லைசென்ஸ் கிடைத்த நாடுகளில் என்ன நடந்தது என்று பார்த்தாலே போதும்.

அமெரிக்கா 2018-ல் ஹெம்ப் வளர்ப்பைச் சட்டபூர்வமாக்கியது. சி.பி.டி எண்ணெய் மோகத்தில் 2019-ல் விவசாயிகள் விழுந்தடித்து விதைத்தார்கள். வாங்க ஆள் இல்லாமல் விலை சரிந்தது. விற்காத அறுவடை கிடங்குகளில் தங்கியது.

கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவை முழுமையாக அனுமதித்தது. அங்கே முன்னணியில் இருந்த கேனபி குரோத் நிறுவனம், 2023 பிப்ரவரியில் சுமார் 800 பேரை வேலையை விட்டு அனுப்பும் முடிவை அறிவித்தது.

தாய்லாந்து 2022 ஜூனில் கட்டுப்பாட்டை நீக்கியது. ஊரெங்கும் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று அரசு மாற்றியது. கடையில் முதலீடு செய்தவர்கள் ஒரே இரவில் வேறு சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், பாங்காக்கிலிருந்து 'ஹைட்ரோபோனிக்' கஞ்சாவோடு வந்து சென்னை விமான நிலையத்தில் சிக்கும் இளைஞர்களைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. அங்கே கடையில் பில் போட்டு வாங்கியிருந்தாலும் இங்கே இறங்கியதும் குற்றம்தான்.

இதில் ஒரு ஒற்றுமை தெரிகிறதா? மூன்று இடங்களிலும் அடி வாங்கியவர்கள், வாங்குபவர் யார் என்று பார்க்காமல் முதலில் விதைத்தவர்களும் முதலில் கடை போட்டவர்களும். இது ஹெம்ப்புக்கு மட்டுமில்லை, தக்காளிக்கும் பொருந்தும்.

வளர்க்காமலே ஹெம்ப் பிசினஸ் பண்ணலாமா?

பண்ணலாம். இதுதான் இன்றைக்குச் சட்டபூர்வமாக இருக்கும் வழி.

உணவு: ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க, 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிகளை வெளியிட்டது. விதையில் டி.எச்.சி கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் தாண்டக் கூடாது. போதை தரும் என்பதுபோல லேபிளில் எதுவும் இருக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ளவர்களிடம் மூலப்பொருள் வாங்கி, பரிசோதனைச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றோடு லட்டு, எனர்ஜி பார் என்று செய்து விற்கலாம்.

துணி: ஹெம்ப் நார்த் துணிகளுக்கு ஒரு சின்னச் சந்தை இருக்கிறது. புதுச்சேரி, ஆரோவில் பக்கம் இருக்கும் பொட்டிக் கடைகளுக்கு வருபவர்கள் இப்படிப்பட்ட துணியைத் தேடி வாங்குபவர்கள். துணியாக வாங்கி, தைத்து விற்பதற்குச் செடி வளர்க்கத் தேவையில்லை. 2013-ல் மும்பையில் நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய 'பாம்பே ஹெம்ப் கம்பெனி' துணி, உணவு, மருந்துப் பொருள்கள் என்று படிப்படியாக வளர்ந்தது.

மருந்து: ஆயுஷ் லைசென்ஸ் உள்ள நிறுவனங்கள், 'விஜயா' என்ற பெயரில் இலைச் சாற்றிலிருந்து செய்த மருந்துகளை மருத்துவர் சீட்டோடு விற்கின்றன. இது சின்ன முதலீட்டில் நுழையும் இடம் இல்லை.

நம்ம மண்ணுக்கு ஒரு 'ஹெம்ப்' இருக்கு!

இங்கேதான் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்' என்று சொல்வார்கள். நம்ம ஊரில் சணப்பை. பெயரில்தான் ஹெம்ப். கன்னாபிஸுக்கும் இதற்கும் சொந்தபந்தம் கிடையாது. சாக்கு தைக்கும் சணலும் வேறு செடி. சணப்பை, மஞ்சள் பூ பூக்கும் பயறு வகைச் செடி. போதை இல்லை, லைசென்ஸ் தேவையில்லை.

பசுந்தாள் உரத்துக்கு ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை போதும். 45 முதல் 60 நாளில், பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிட வேண்டும். ஏக்கருக்கு 5 டன்னுக்கும் மேல் பசுந்தழை மண்ணுக்குள் போகும். வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். வானூர் பக்கத்துச் செம்மண் மாதிரி சத்து குறைந்த நிலத்துக்கு அருமையான மருந்து. பூக்க விட்டு, காய வைத்தால் விதை. பசுந்தாள் உர விதைக்கு அங்கக விவசாயிகளிடம் தேவை உண்டு. தண்டை ஊறவைத்து உரித்தால் கயிறு திரிக்க நார்.

ஒரு எச்சரிக்கை: சணப்பை விதை உணவு இல்லை. அதில் ஈரலைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது. பெயரில் ஹெம்ப் இருக்கே என்று ஸ்மூத்தியில் போட்டுடாதீங்க. மாட்டுக்கும் விதையைக் கொடுக்க வேண்டாம்.

அங்ககச் சான்று வேண்டும் என்றால், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. ஏற்றுமதி எல்லாம் வேண்டாம், உள்ளூரில் விற்றால் போதும் என்பவர்களுக்கு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பெறும் 'பி.ஜி.எஸ்' சான்று செலவு குறைந்த வழி. முதலில் உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போய் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சட்டென்று சில பதில்கள்

*விதையை ஆன்லைனில் வாங்கலாமா?* சட்டத்தில் 'கஞ்சா' என்பதற்கான விளக்கத்தில் பூ நுனி இல்லாத விதையும் இலையும் சேராது. அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். மண்ணில் ஊன்றிய நொடியில் அது வளர்ப்பு. மாட்டுவது விற்றவர் இல்லை, ஊன்றியவர்.

*தானா முளைச்சிருந்தா?* அப்படியே விட வேண்டாம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடவும் வேண்டாம். போலீஸுக்குத் தகவல் சொல்லுங்கள்.

*நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு, 'மூலிகைப் பண்ணை' என்கிறார்களே?* என்ன மூலிகை என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

*வழக்கு வந்தால் வேலைக்குப் பிரச்னையா?* அரசு வேலை, பாஸ்போர்ட், வெளிநாட்டு விசா என எல்லா இடத்திலும் வழக்கு விவரம் கேட்பார்கள். தண்டனை வருவதற்கு முன்பே பல கதவுகள் மூடிவிடும்.

*பழக்கத்திலிருந்து வெளியே வர உதவி?* போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மன அழுத்தம் என்றால் டெலி மானஸ் 14416. இரண்டுமே இலவசம். போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், சில வழக்குகளிலிருந்து பாதுகாப்பு கொடுக்கவும் இதே சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது.

நாளைக்கே சட்டம் மாறலாம். இமாச்சலத்தின் சோதனை வெற்றி பெறலாம். தமிழ்நாடும் ஒருநாள் யோசிக்கலாம். அப்போது முதலில் வாய்ப்பு கிடைப்பது சான்றிதழ் பெற்ற நிலமும், சுத்தமான ரெக்கார்டும், பொருளை வாங்க ஆளும் வைத்திருப்பவர்களுக்குத்தான். அந்த மூன்றையும் இன்றைக்கே சம்பாதிக்க ஆரம்பிக்கலாம், இந்தச் செடி இல்லாமலேயே.

நண்பர் கார்ட்டை காலி பண்ணிவிட்டார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். பட்டுப்போன முந்திரி மரங்களை எடுத்த இடத்தில் உழவு ஓட்டியிருக்கிறார். வரப்பில் சணப்பை விதை மூட்டை. கீழே ஒரு வரி: "பாட்டி நிம்மதியா தூங்குறாங்க ப்ரோ."